பித்தளை ரிங்குக்கு எந்த ஆயில்?

கியர் ஆயில் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது டின்னைக் கையோடு வாங்கி வந்துவிடுகிறார்கள். முகப்பில் பெரிய எழுத்தில் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்றிருக்கும். நான் டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பேன். அங்கே பொடி எழுத்தில் ஏபிஐ ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறதா, ஜிஎல்-5 என்று போட்டிருக்கிறதா என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். முகப்பில் உள்ளது எல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றிப் பார்த்ததால் கியர் பாக்ஸ் இறங்கிய வண்டிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு நிறைய வந்திருக்கின்றன.

ஒர்க்‌ஷாப் மேட்டுப்பாளையத்தில். ஊட்டிச் சாலை இங்கிருந்துதான் ஏறுகிறது. கல்லாறு தாண்டினால் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். சித்திரை வெயிலில் கீழே 38 டிகிரியைத் தொடும். தை மாத விடியலில் மேலே புல்லில் உறைபனி நிற்கும். ஒரே டாக்சி ஒரே வருடத்தில் இரண்டையும் பார்த்துவிடும். ஏறும்போது இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதால் அதே இரண்டாவது கியரில் என்ஜினைப் பிடிக்கவிட்டுத்தான் இறங்க வேண்டும். சமவெளியில் ஒரு கார் ஒரு மாதத்தில் இரண்டாவது கியருக்குக் கொடுக்கிற வேலையை இந்த வண்டிகள் ஓரிரு நாளில் கொடுத்துவிடும். அதனால் இங்கே கியர் ஆயிலில் செய்யும் தப்பு சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

நான் தொழில் பழகியது அம்பாசடர் காலத்தில், கோயம்புத்தூரில் ஒரு மேஸ்திரியிடம். பட்டறை மூலையில் ஒரு டிரம், அதன் மேல் ஒரு கை பம்ப். கேட்டால் ‘90 நம்பர்’ என்பார்கள். கியர் பாக்ஸுக்கும் அதுதான், பின்பக்க கிரவுனுக்கும் அதுதான். யாரும் ஜிஎல் எண் கேட்டதில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருடங்களில் தெருவுக்குத் தெரு அது நின்றது. அந்த வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தபோதுதான் பழைய பழக்கம் இதற்குச் சரிப்படாது என்று புரிந்தது. பின்பக்கம் கிரவுனே இல்லை. முன்சக்கர டிரைவ் என்பதால் கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே ஹவுசிங்குக்குள், ஒரே ஆயிலில்.

இந்த இடத்தில் பல்லின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. அம்பாசடர், ஆம்னி, பொலேரோ மாதிரிப் பின்சக்கர டிரைவ் வண்டிகளில் கார்டன் ஷாஃப்ட் நீளவாக்கில் வருகிறது. சக்கரத்தின் ஆக்சில் குறுக்கே போகிறது. சுற்றலை அங்கே திருப்பிவிட வேண்டும். அதைச் செய்வது கிரவுனும் பினியனும். பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்கு நேரே இல்லாமல் கீழே இறங்கி இருக்கும். இதற்கு ஹைப்பாயிட் என்று பெயர். அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1926-இல் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஷாஃப்ட் தாழ்வதால் வண்டியின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது, பல்லும் சத்தம் குறைந்து ஓடியது. ஆனால் பல் பல்லின் மேல் உருள்வதோடு நிற்காது. பெரும் பாரத்தோடு நீளவாக்கில் உரசிக்கொண்டே போகும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் பிய்ந்துவிடும். உலோகமும் உலோகமும் தொட்டு ஒட்டிக் கிழியும்.

அதைத் தடுக்கத்தான் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். ஈபி என்று தொழிலில் சொல்வது இதைத்தான். கியர் ஆயிலின் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் கந்தகத்தினுடையது. பல் உரசிச் சூடேறும் புள்ளியில் இந்த மருந்து இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகப் படியும். அடுத்த உரசலில் அந்தப் படலம் போகும், பல் பிழைக்கும், மறுபடி படியும். ஹைப்பாயிட் பல்லுக்கு இந்த மருந்து அதிகமாக வேண்டும். அதுதான் ஜிஎல்-5. ஜிஎல்-4-இல் ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். மாருதி மாதிரி என்ஜின் குறுக்கே கிடக்கும் வண்டியில் சுற்றலைத் திருப்ப வேண்டியதில்லை, ஹைப்பாயிட் பல்லும் இல்லை; அதற்கு ஜிஎல்-4 போதும்.

மருந்து கூட இருந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கியர் பாக்ஸுக்குள் இரும்பு மட்டும் இருந்திருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். உள்ளே சின்க்ரோ ரிங் இருக்கிறது, பெரும்பாலான நம் கார்களில் அது பித்தளை. பித்தளையில் தாமிரம் இருக்கிறது. கந்தகத்துக்குத் தாமிரத்தைக் கண்டால் ஆகாது. சமையலறைப் பித்தளைப் பாத்திரம் காற்றிலுள்ள கந்தகத்திலேயே கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் ரிங்குக்கு அதைவிட மோசமான நிலை.

இதை ஆயில் கம்பெனிகள் சோதிக்கும் முறை எளிமையானது. பளபளப்பாகத் தேய்த்த தாமிரத் தகடு ஒன்றை ஆயிலில் முக்கி, 121 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து எடுப்பார்கள். தகட்டின் நிறத்தை 1 முதல் 4 வரையிலான ஒரு நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். 1 என்றால் லேசாக நிறம் மாறியிருக்கிறது. 4 என்றால் அரித்துவிட்டது. ஜிஎல்-5 ஆயிலுக்கு 3 வரை அனுமதி உண்டு, அதாவது தகடு நன்றாகக் கறுத்தாலும் ஆயில் தேறிவிடும். கிரவுன் ஹவுசிங்குக்குள் பித்தளை ரிங் கிடையாது என்பதால் அங்கே அந்த விதி போதும். இப்போது வரும் நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் தாமிரத்தைக் காக்கும் மருந்தையும் சேர்க்கிறார்கள். அதனால் ஜிஎல்-5 ஊற்றிய மறுவாரமே ரிங் கரைந்துவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல. அப்படி நான் சொல்வதும் இல்லை. சேதம் மெதுவாக வருகிறது. மலைக்குப் போகிற வண்டியில் கொஞ்சம் வேகமாக வருகிறது.

அரிப்பு ஒரு பக்கம். அதைவிட முன்னால் தெரிவது வழுக்கல். ரிங் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஓடுகிற கியரின் பக்கத்தில் ஒரு கூம்பு இருக்கிறது; அதன் மேல் ரிங் தொப்பியாக உட்காருகிறது. நீங்கள் லீவரைத் தள்ளும்போது ஸ்லீவ் ரிங்கைக் கூம்பின் மேல் அழுத்தும். இரண்டும் உரசி, இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை ரிங்கின் பல் ஸ்லீவை மேலே போகவிடாமல் மறிக்கும். வேகம் சமமானதும் வழிவிடும், கியர் விழும். ரிங்கின் உள்பக்கம் ஸ்குரூ மரை மாதிரி நுணுக்கமாகக் கீறியிருக்கும். கூம்பின் மேலுள்ள ஆயிலைக் கண நேரத்தில் அறுத்து ஒதுக்கி, உலோகம் உலோகத்தைப் பிடிக்க வைப்பதுதான் அந்தக் கீறலின் வேலை. ஆக, இந்த ஆயில் பல்லுக்கு வழுக்க வேண்டும். ரிங்குக்குப் பிடிக்க வேண்டும். கிரவுனுக்காகச் செய்த ஆயில் பிடியைப் பற்றிக் கவலைப்படாது. படலம் அறுபடாமல் ரிங் வழுக்கினால் ஸ்லீவ் சீக்கிரமே உள்ளே போய் இடிக்கும். அந்தக் ‘கர்ர்’ சத்தம் இதுதான்.

குன்னூரிலிருந்து ஒரு டாக்சித் தம்பி வந்திருந்தார். முன்சக்கர டிரைவ் டீசல் செடான். “அண்ணா, காலைல மூணுலருந்து ரெண்டுக்குப் போட்டா கடிக்குதுங்க. சூடானா கொஞ்சம் பரவால்ல. ஆயிலு புதுசுங்ணா, போன தடவ ஃபுல் சிந்தெடிக்கே ஊத்திருக்கேன்.” டிக்கியிலேயே காலி டின் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன்: 75டபிள்யூ-90, ஜிஎல்-5. வண்டியின் புக்கில் ஜிஎல்-4 என்று தெளிவாக இருக்கிறது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு ஆயிலை இறக்கினோம். அகலத் தட்டில் பிடித்து வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் ஆயிலுக்குள் பொன் தூள் மிதந்தது. டிரெய்ன் பிளக் நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் பசை கொஞ்சம்தான். அது இரும்புத் தூள், எந்த கியர் பாக்ஸிலும் இருக்கும். பொன் தூள் காந்தத்தில் ஒட்டாது, அது பித்தளை.

பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். இரண்டாவது கியர் ரிங்கைக் கூம்பின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, ரிங்குக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். இந்த மாதிரிச் சின்ன பாக்ஸ்களில் புது ரிங் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். தேயத் தேய ரிங் கூம்பில் இன்னும் உள்ளே இறங்கி இடைவெளி குறையும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரிங்கை மாற்ற வேண்டும். இதில் அந்த அரை மில்லியும் இல்லை. ரிங்கின் உள்பக்கக் கீறல்களின் முகடு மழுங்கிப் பட்டையாகி, கறுப்பேறி இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தடுக்கவில்லை. மூன்றாவது கியர் ரிங் பாதி தேய்வு. நான்கும் ஐந்தும் புதிது மாதிரியே இருந்தன, மலையில் அவற்றுக்கு வேலை ஏது. அந்த வண்டியில் எவ்வளவு தேய்மானம் ஆயிலால், எவ்வளவு மலையால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அதே ஸ்டாண்டில் ஓடும், அதே கம்பெனி வண்டிகள் புக்கில் சொன்ன ஜிஎல்-4 ஆயிலோடு என்னிடம் சர்வீசுக்கு வருகின்றன. அவற்றில் இந்தப் பொன் தூளை நான் இவ்வளவு பார்த்ததில்லை.

தம்பி சொன்ன ‘ஃபுல் சிந்தெடிக்’கில் பொய் ஏதும் இல்லை. சிந்தெடிக் என்பது அடி எண்ணெயைப் பற்றிய சேதி. ஜிஎல் எண் அதில் கலந்த மருந்தைப் பற்றிய சேதி. மினரல் ஆயிலிலும் ஜிஎல்-5 உண்டு, சிந்தெடிக்கிலும் ஜிஎல்-4 உண்டு. கடைக்காரர் இரண்டையும் குழப்பி, விலை அதிகமானது எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கொடுத்துவிடுகிறார். கடையில் ஜிஎல்-5 சிந்தெடிக் கிடைக்கிற அளவுக்கு ஜிஎல்-4 சிந்தெடிக் கிடைப்பதில்லை என்பதும் ஒரு காரணம். அமெரிக்கக் கம்பெனியான ரெட் லைன் இந்த வேறுபாட்டை டின்னிலேயே வைத்திருக்கிறது: எம்டி-90 என்பது சின்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கான ஜிஎல்-4, அதே கம்பெனியின் 75டபிள்யூ-90 என்பது கிரவுனுக்கான ஜிஎல்-5. இரண்டும் சிந்தெடிக், இரண்டும் ஒரே கனம், வேலை வேறு.

‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்ட டின்களும் வருகின்றன. இதில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜிஎல்-5 சோதனையில் தேற வேண்டுமானால் அந்த அளவுக்கு மருந்து உள்ளே இருந்தாக வேண்டும். தாமிரத்தைக் காக்கவும் ரிங் பிடிக்கவும் அதைப் பக்குவப்படுத்தியிருக்கலாம், அப்படி நன்றாகச் செய்த ஆயில்கள் இருக்கின்றன. ஆனால் டின்னில் உள்ள சாய்வுக்கோட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஜிஎல் எண்ணுக்கு என்ஜின் ஆயில் டின்னில் இருப்பது மாதிரியான ஏபிஐ வட்ட முத்திரையும் கிடையாது, தயாரித்தவரே போட்டுக்கொள்வதுதான். அதனால் அந்தக் கம்பெனியின் விவரத் தாளில் சின்க்ரோ கியர் பாக்ஸுக்கு என்று எழுதி, உங்கள் கார் கம்பெனியின் எண்ணையும் குறிப்பிட்டிருந்தால் மட்டும் ஊற்றுவேன். இல்லையென்றால் ஜிஎல்-4 மட்டும் போட்ட டின்.

ஜிஎல்-5 கேட்கிற மேனுவல் கியர் பாக்ஸ்களும் உலகத்தில் உண்டு. சுபாரு வண்டிகளில் என்ஜின் நீளவாக்கில் இருப்பதால் முன் டிஃபரென்ஷியலின் ஹைப்பாயிட் பல் கியர் பாக்ஸோடு ஒரே ஆயிலில் கிடக்கிறது. அங்கே ஜிஎல்-5 தான் ஊற்ற வேண்டும், ரிங்கையும் அதற்கேற்ற மாதிரிச் செய்திருப்பார்கள். என் பழக்கமும் உங்கள் மச்சானின் அனுபவமும் புக்கில் உள்ள அந்த ஒரு வரிக்குச் சமம் ஆகாது.

இனி அடி எண்ணெய். அதை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். குரூப் 1, 2 கச்சா எண்ணெயிலிருந்து வருகிற சாதாரண மினரல். குரூப் 3 அதே கச்சாவிலிருந்து வந்தாலும் ஹைட்ரஜனோடு கடுமையாகப் பக்குவப்படுத்தியது. குரூப் 4 பிஏஓ, சின்ன மூலக்கூறுகளை இணைத்துக் கட்டியது. எஸ்டர் குரூப் 5-இல் வருகிறது. குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று காஸ்ட்ரால் மேல் மோபில் எழுப்பிய புகாரில், அமெரிக்காவின் விளம்பரத் தகராறு மன்றம் 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு டின்னில் ‘சிந்தெடிக்’ என்றிருந்தால் உள்ளே பிஏஓ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் வேலைக்கு அது பெரிய குறையும் இல்லை. நல்ல குரூப் 3-இல் செய்த ஜிஎல்-4, தப்பான ஜிஎல் எண் கொண்ட பிஏஓவை விடப் பல மடங்கு மேல்.

சிந்தெடிக் எங்கே காசுக்குத் தகுதியாகிறது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஊட்டியின் காலை நேரம். மினரல் 80டபிள்யூ-90 ஆயிலை 100 டிகிரியில் அளந்தால் கனம் 14, 15 சென்டிஸ்டோக் இருக்கும். சிந்தெடிக் 75டபிள்யூ-90-உம் அங்கே ஏறக்குறைய அதேதான். சூடு இறங்க இறங்க இரண்டும் பிரிகின்றன. 10 டிகிரிக்கு வரும்போது மினரல் ஆயிரம் சென்டிஸ்டோக்கை எட்டிவிடும். சிந்தெடிக் அதில் பாதியில் நிற்கும். ரிங்கின் அந்த நுணுக்கக் கீறல் இந்தக் கெட்டி ஆயிலை அறுத்து வெளியேற்ற வேண்டும். முடியாது. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் கல்லாக இருக்கிறது என்று மேலேயிருந்து வருகிறவர்கள் சொல்வது இதனால்தான். மினரலை எடுத்துவிட்டு ஜிஎல்-4 சிந்தெடிக் ஊற்றினால், ரிங் நன்றாக இருக்கிற வண்டியில் அடுத்த நாள் காலையே வித்தியாசம் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கோயம்புத்தூருக்குள் ஆபீஸ் போய்வருகிற காருக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது. அவர்களிடம் மினரலே போதும் என்று சொல்லிவிடுகிறேன், விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்.

மலை டாக்சிக்கு இன்னொரு லாபமும் உண்டு. கனத்தைத் தாங்கிப்பிடிக்க ஆயிலில் பாலிமர் கலப்பார்கள். கியர் பல் அந்த நீள மூலக்கூறுகளை நசுக்கிக் கத்தரிக்கும். ஆயில் நாளடைவில் இளகும். டேப்பர் ரோலர் பேரிங்கில் 20 மணி நேரம் பாரத்தோடு ஓட்டி, பிறகும் தன் நம்பருக்குள் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை இதற்காகத்தான். இயல்பிலேயே குளிருக்கும் சூட்டுக்கும் அதிகம் மாறாத அடி எண்ணெய்க்குப் பாலிமர் குறைவாகப் போதும். கத்தரிபட உள்ளே இருப்பதும் குறைவு.

நம்பரைப் பற்றி ஒரு தப்பெண்ணம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உலவுகிறது. கியர் ஆயில் 90 என்றால் என்ஜின் ஆயில் 50-ஐ விடக் கெட்டி என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 கியர் ஆயிலும் 40, 50 என்ஜின் ஆயிலும் 100 டிகிரியில் கிட்டத்தட்ட ஒரே கனம்தான். இது தெரிந்தால் ஹோண்டா விஷயம் விளங்கும். ஹோண்டா தன் மேனுவல் பாக்ஸுக்கு எம்டிஎஃப் என்று தனி ஆயில் வைத்திருக்கிறது; அது கிடைக்காத நேரத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 என்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று அதன் புக்கே சொன்ன காலம் உண்டு. கியர் பாக்ஸுக்கு என்ஜின் ஆயிலா என்று பதறிப்போய் 80டபிள்யூ-90 ஊற்றிய சிட்டி கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, லீவர்தான் மரக்கட்டையாகக் கிடந்தது. எம்டிஎஃப் மாற்றியதும் சரியானது. அதே மாதிரி, ஹூண்டாய் ஐ10, ஐ20 புக்கில் 75டபிள்யூ-85 என்று இருந்தது. கனம் கூடினால் ஆயுள் கூடும் என்று அதற்குப் போய் 140 ஊற்றுவது வீண். சத்தம் போடும் தேய்ந்த பேரிங்கைக் கெட்டி ஆயிலால் அமுக்கி வண்டியை விற்கிற வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் காலைக் குளிரில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் கிளட்சைப் பார்த்துவிடுவது என் முறை. வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடச் சொல்வேன். நிறையக் கார்களில் ரிவர்ஸுக்கு ரிங் கிடையாது. அவ்வளவு நேரம் பொறுத்த பிறகும் ரிவர்ஸ் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது. இதற்கு எந்த ஆயிலும் மருந்தில்லை. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்த கியரின் ரிங். எல்லா கியரும் ஒரே மாதிரி இறுகலாக இருந்தால், ஆயிலுக்கு முன்னால் லீவர் கேபிளையும் லிங்க்கையும் கழற்றிக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த ரிங்கின் கீறலை எந்தச் சிந்தெடிக்கும் திருப்பி வளர்க்காது. கடையில் விற்கிற சின்ன பாட்டில் ‘ட்ரீட்மென்ட்’களை நான் ரிங் உள்ள பாக்ஸில் ஊற்றவிடுவதில்லை. அவை சேர்ப்பது இன்னும் கொஞ்சம் வழுக்கலைத்தான்.

சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் சீல் கசியும் என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தனி பிஏஓ ரப்பரைச் சற்றுச் சுருக்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் எஸ்டரைக் கலந்து சமன் செய்கிறார்கள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து இறுகிப்போன டிரைவ் ஷாஃப்ட் சீல் எந்தப் புது ஆயிலுக்கும் கசியத்தான் செய்யும். பழைய வண்டிக்குச் சிந்தெடிக் மாற்றும்போது அந்த இரண்டு சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். விலை பெரிதாக இருக்காது.

மாற்றும் வேலையில் பையன்களுக்கு நான் முதலில் பழக்குவது ஒன்று: ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்று, அப்புறம்தான் இறக்குகிற பிளக்கைத் தொடு. அலுமினிய ஹவுசிங்கில் பல வருடம் இறுகிக் கிடக்கும் மேல் பிளக் சில நேரம் வரவே வராது. ஆயிலை இறக்கிவிட்டுப் பிறகு அது தெரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வண்டி நாலு பக்கமும் மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஊற்றினால் அளவு தப்பும். பெரும்பாலான சின்னக் கார்களில் இரண்டு லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். மேல் ஓட்டையிலிருந்து மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்தி, அந்த வழிசல் சொட்டாகி நிற்கும் வரை காத்திருந்து, புது வாஷர் போட்டு மூட வேண்டும். அவசரப்பட்டு முதல் வழிசலிலேயே மூடுகிறவர்கள் உண்டு. ஒரு நிமிஷம்தான், பொறுங்கள்.

சில கம்பெனிகள் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கின்றன. சமவெளிக் காரைப் பற்றி அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, 60,000 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றினால் நிம்மதி என்று மட்டும் சொல்வேன். மலை டாக்சிக்கு 40,000-த்தைத் தாண்டவிடுவதில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், முதல் வேலை கியர் ஆயிலை இறக்குவதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து மலிவு விலையில் கார்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. சீட்டும் கார்பெட்டும் புதிதாகப் போட்டிருப்பார்கள், என்ஜின் ஆயிலும் மாற்றியிருப்பார்கள். கியர் பாக்ஸின் மேல் ஒரு சின்ன பிரீத்தர் மூடி இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று யாரும் நினைப்பதில்லை. டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால் வெள்ளைக் குழம்பாக வந்தது. அப்படி வந்தால் உடனே நல்ல ஆயில் ஊற்றிவிடாதீர்கள். மலிவான ஜிஎல்-4 மினரலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி இறக்குங்கள். வெள்ளை நிற்கும் வரை இதையே செய்யுங்கள். பேரிங் சத்தம் இல்லை என்று உறுதியான பிறகு சிந்தெடிக் டின்னைத் திறக்கலாம். பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு.